டிவைன் நைன்: கறுப்பின ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி அமைப்புகளைப் புரிந்துகொள்ளவும் முறையாகச் சேரவும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்த முதல் மாதத்துக்குள், கறுப்பின மாணவர்களின் ஃப்ரட்டர்னிட்டி (ஆண்களின் சகோதரச் சங்கம்), சொரோரிட்டி (பெண்களின் சகோதரிச் சங்கம்) உறுப்பினர்கள் கண்ணில் பட்டுவிடுவார்கள். முதுகில் பெரிய கிரேக்க எழுத்துகள் தைத்த ஜாக்கெட், மாணவர் மையத்தின் முன்னால் திடீரென்று எழும் ஒரு கூவல், அதற்குத் தூரத்திலிருந்து இன்னொருவர் தரும் பதில், பாட்டு மாறியதும் வரிசை கட்டி ஒரே அசைவில் நகரும் பத்துப் பேர். புதிதாக வந்தவர் இதை நடனக் குழு என்று நினைப்பார். ஹாலிவுட் படம் பார்த்துப் பழகியவர் குடியும் கும்மாளமுமான கிளப் என்பார். ஊரில் இருக்கும் பெற்றோர் ராகிங் கும்பல் என்று பயப்படுவார்கள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது அச்சத்துக்கு மட்டும் காரணம் உண்டு. அதைக் கீழே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

சேரும் எண்ணம் இல்லாமல், அறைத்தோழரோ நண்பரோ இந்த அமைப்பில் இருப்பதால் இங்கிதம் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கும், தானே சேர நினைக்கிறவருக்கும் இதை எழுதுகிறோம். இருவருக்கும் அடிப்படை ஒன்றுதான். நிறம், எழுத்து, கூவல், கைச்சைகை, நடை என்று வெளியே தெரிகிற எல்லாமே ஒருவர் உழைத்துப் பெற்றவை. புதியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, பெறாததை எடுத்து அணிவதால் வருகின்றன. இந்த அமைப்புகளுக்குள் நடக்கும் மிக மோசமான குற்றமும் அதே ‘உழைத்துப் பெற வேண்டும்’ என்ற எண்ணம் திரிந்துபோவதால்தான் நடக்கிறது.

ஒன்பதையும் பிரித்து அறிவது

‘டிவைன் நைன்’ என்று அழைக்கப்படும் ஒன்பது அமைப்புகளில் ஐந்து ஆண்களுக்கு, நான்கு பெண்களுக்கு. பிறந்த ஆண்டையும் நிறத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. 1906 டிசம்பர் 4-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு மாணவர்கள் தொடங்கியது. கறுப்பும் பழம்பொன் நிறமும். கறுப்பினப் பெண்களின் முதல் சொரோரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908 ஜனவரி 15-ல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. வெளிர் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும். கப்பா ஆல்ஃபா சை 1911 ஜனவரி 5-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில், அடர்சிவப்பும் க்ரீமும். ஒமேகா சை ஃபை அதே ஆண்டு நவம்பர் 17-ல் ஹோவர்டில், ஊதாவும் பழம்பொன்னும். டெல்டா சிக்மா தீட்டா 1913 ஜனவரி 13-ல் ஹோவர்டில், 22 பெண்கள் தொடங்கியது. இதுவும் அடர்சிவப்பும் க்ரீமும். ஃபை பீட்டா சிக்மா 1914 ஜனவரி 9-லும் அதன் சகோதரி அமைப்பான ஸீட்டா ஃபை பீட்டா 1920 ஜனவரி 16-லும் ஹோவர்டில் தொடங்கின. இரண்டுக்கும் நீலமும் வெள்ளையும். சிக்மா காமா ரோவை 1922 நவம்பர் 12-ல் இண்டியானாபொலிஸில் ஏழு ஆசிரியைகள் தொடங்கினார்கள், நீலமும் பொன்னும். கடைசியாக ஐயோட்டா ஃபை தீட்டா 1963 செப்டம்பர் 19-ல், பால்டிமோரின் மார்கன் ஸ்டேட்டில்; கரும்பழுப்பும் பொன்னும்.

புதியவர் இடறும் இடம் இங்கேயே இருக்கிறது. கப்பா ஆண்களும் டெல்டா பெண்களும் ஒரே நிறம் அணிவார்கள், ஆனால் அவர்கள் ஓர் அமைப்பின் இரு பிரிவுகள் அல்ல. சிக்மா (ஃபை பீட்டா சிக்மா), ஸீட்டா இருவர் மட்டுமே தங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட சகோதர சகோதரி உறவு உள்ளவர்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் எழுத்தைப் படியுங்கள். உச்சரிப்பிலும் கவனம் தேவை: அமெரிக்கர்கள் பீட்டாவைப் ‘பேட்டா’ என்றும் தீட்டாவைத் ‘தேட்டா’ என்றும் சொல்வார்கள்.

இவர்களை இணைக்கும் தேசியக் கூட்டமைப்பு 1930 மே 10-ல் ஹோவர்டில் உருவானது. ஐயோட்டா அதில் 1990-களின் பிற்பகுதியில்தான் சேர்ந்தது. எனவே ‘ஒன்பது’ என்ற கணக்கே அதற்குப் பின்பு வந்தது. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளில் மட்டும்தான் இவை உண்டு என்பதும் தவறு. ஒன்பதில் ஐந்து ஹோவர்டில் பிறந்தவை என்றாலும் ஆல்ஃபா, கப்பா இரண்டும் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பல்கலைக்கழகங்களில் பிறந்தவை. அங்கே கறுப்பின மாணவருக்கு விடுதி இல்லை, வெள்ளையர் ஃப்ரட்டர்னிட்டியில் இடமில்லை. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கக்கூட ஆள் தேட வேண்டும். ஒருவரையொருவர் பட்டம் வரை தாங்கிப் பிடிப்பதற்காகக் கூடிய கூட்டம்தான் அமைப்பாக மாறியது.

வெறும் கேளிக்கைச் சங்கம் என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டினால் போதும். 1913 மார்ச் 3-ல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம் நடந்தது. கறுப்பினப் பெண்கள் பின்னால் வரட்டும் என்று அமைப்பாளர்கள் ஒதுக்க நினைத்த ஊர்வலம் அது. பிறந்து ஏழு வாரமே ஆன டெல்டாவின் மாணவிகள் தங்கள் பதாகையோடு அதில் நடந்தார்கள். 1935-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, டாக்டர் டாரத்தி ஃபெரபீயின் தலைமையில், மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களில் கூலிகளாக இருந்த குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தப் போனது. தொழிலாளர்கள் முகாமுக்கு வருவதைத் தோட்ட முதலாளிகள் தடுத்ததும், பெண்கள் தங்கள் சொந்தக் கார்களையே நடமாடும் மருத்துவமனையாக்கித் தோட்டத்துக்குள் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கோடைதோறும் தொடர்ந்து பல ஆண்டுகள் அது நடந்தது. அமைப்பில் சேர விண்ணப்பிக்கும்போது சேவைப் பதிவேட்டை முதலில் கேட்பது இந்த மரபினால்தான்.

பார்வையாளருக்கான இங்கிதம்

சேரப் போகாவிட்டாலும் இந்தப் பகுதி அவசியம்.

கூவல்கள் ஒவ்வொரு அமைப்புக்கும் தனி. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பெண்கள் ‘ஸ்கீ-வீ’ என்று உச்சக்குரலில் அழைப்பார்கள், டெல்டா ‘ஊ-ஊப்’, சிக்மா ‘ப்ளூ ஃபை’, கப்பா ‘யோ’. ஒமேகா ஆண்கள் குரைப்பது போன்ற ஒலி எழுப்புவார்கள். கேட்க உற்சாகமாக இருக்கும், திருப்பிச் சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. கைதட்டலாம், ஆரவாரம் செய்யலாம், பெயர் சொல்லி வாழ்த்தலாம். கைச்சைகைகளும் அப்படியே. டெல்டா பெண்கள் இரு கைகளின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து முக்கோணம் காட்டுவார்கள். அவர்களோடு படம் எடுக்கும்போது நீங்களும் அதைக் காட்டாதீர்கள். புகைப்படத்தில் விளையாட்டாகச் செய்த ஒரு சைகை, பின்னாளில் விண்ணப்பிக்கும்போது உங்களுக்கு எதிராக நிற்கும்.

‘ஸ்டெப்’, ‘ஸ்ட்ரோல்’ இரண்டும் வேறு. ஸ்டெப்பில் காலால் தரையை உதைத்து, தொடையிலும் உள்ளங்கையிலும் தட்டி, உடம்பையே தாள வாத்தியமாக்குவார்கள்; ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்வார்கள்; பெரும்பாலும் மேடையில் நடக்கும். ஸ்ட்ரோல் என்பது விருந்தில் பாட்டுக்கு ஏற்ப ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நகர்வது. இதில் ஒரே ஒரு விதியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வரிசையை ஊடறுத்து நடக்கக் கூடாது. பானம் வாங்கப் போகும் அவசரத்தில் இருவருக்கு நடுவே புகுந்தால் அது பெரிய அவமதிப்பு. வரிசை நகரும்வரை சுவரோரம் ஒதுங்குங்கள், அல்லது கடைசி ஆளைச் சுற்றிப் போங்கள். வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொள்வதும் கூடாது.

பழைய கறுப்பினக் கல்லூரிகளின் வளாகத்தில் வண்ணம் பூசிய பெஞ்சு, கல், மரம் இருந்தால் அது ஓர் அமைப்பின் ‘ப்ளாட்’. ஹோவர்டின் மைய முற்றத்தில் மரங்களே அப்படி அடையாளப்பட்டு நிற்கின்றன. நிழல் நன்றாக இருக்கிறதே என்று அங்கே உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். யாரும் அடிக்க வர மாட்டார்கள், ஆனால் எழச் சொல்வார்கள். அந்த இடத்தில் இறந்த உறுப்பினர்களின் நினைவும் இருக்கலாம்.

எழுத்து பொறித்த உடை எதையும் உறுப்பினர் அல்லாதவர் அணியக் கூடாது. பழைய துணிக் கடையில் இரண்டு டாலருக்குக் கிடைத்தாலும் சரி. நண்பர் தன் ஜாக்கெட்டைக் குளிருக்குக் கொடுத்தாலும் அதை மடித்துத் திருப்பிக் கொடுப்பதே மரியாதை.

ஒரு ஜாக்கெட்டைப் படிப்பது எப்படி

உறுப்பினரின் ஜாக்கெட் ஒரு முழு வாழ்க்கைக் குறிப்பு. மார்பில் அமைப்பின் எழுத்துகள். முதுகிலோ கையிலோ கிளையின் பெயர். அதுவும் கிரேக்க எழுத்தில்தான் இருக்கும். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் கிளையின் பெயர் ‘லாம்ப்டா’ என்று முடிந்தால் அவர் பட்டதாரிகள் கிளையைச் சேர்ந்தவர். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் ‘ஒமேகா’ என்று முடிந்தால் அதே பொருள். ‘ஸ்ப்ரிங் 08’ என்றோ ‘ஃபால் 12’ என்றோ இருப்பது அவர் உறுப்பினரான பருவம். அதைத்தான் ‘க்ராஸ்’ ஆன பருவம் என்பார்கள்.

பெரிதாக ஒரு எண் இருக்கும். ஒரே பருவத்தில் சேர்ந்தவர்கள் ஒரு ‘லைன்’. வழக்கமாக உயரப்படி குட்டையானவரிலிருந்து நெட்டையானவர் வரை நிறுத்துவார்கள். முதலில் நிற்பவர் ‘ஏஸ்’, அடுத்து ‘டியூஸ்’, மூன்றாமவர் ‘ட்ரே’, கடைசி ஆள் ‘டெயில்’. வெவ்வேறு கிளைகளில் அதே எண்ணில் நின்றவர்கள் சந்தித்தால் உடன்பிறந்தவர்போல் கொண்டாடுவார்கள். எண்ணுக்கு மேலே இருக்கும் புரியாத பெயர் ‘லைன் நேம்’. அந்த ஆளின் குணத்தைப் பார்த்து மூத்தவர்கள் வைத்தது. பொருள் கேட்கலாம், சிலர் சொல்வார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். வற்புறுத்தக் கூடாது. சடங்கு, கைகுலுக்கல், கடவுச்சொல் இவை மூன்றையும் கேட்கவே கூடாது.

சேர விரும்பினால்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

முதல் வேலை, தகுதி பார்ப்பது. இளங்கலை மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு பருவமாவது முடித்திருக்க வேண்டும்; சில அமைப்புகள் அதைவிடக் கூடுதல் பாடப் புள்ளிகள் கேட்கும். மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. பெரும்பாலும் 2.5 அல்லது அதற்கு மேல். ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையில் இளங்கலைப் பட்டம் வந்துவிட்டால் வளாகத்தின் மாணவர் கிளையில் சேர முடியாது. அந்த நகரத்தின் பட்டதாரிகள் கிளை வழியாகத்தான் போக வேண்டும். வளாகத்தில் யாரையோ பார்த்து ஆறு மாதம் பின்தொடர்ந்து, கடைசியில் இது தெரிந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை அந்த அமைப்பின் தேசிய அலுவலகத்திடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கறுப்பினத்தவர் அல்லாதவர் சேரலாமா என்பது நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. சேரலாம். ஒன்பதில் எதுவும் இனத்தைத் தகுதியாக வைத்திருக்கவில்லை; ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா 1940-களிலேயே கறுப்பினத்தவர் அல்லாதவரைச் சேர்க்கத் தொடங்கியது. வெள்ளையர்களான எலினோர் ரூஸ்வெல்ட்டும் (அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி) ஜேன் ஆடம்ஸும் (சமூகச் சேவகி) ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கௌரவ உறுப்பினர்கள். ஆனால் ‘ஏன் இங்கே?’ என்ற கேள்வி நேர்காணலில் கட்டாயம் வரும். நடனம் பிடிக்கும் என்பது பதிலாகாது. கறுப்பின மக்களுக்கான பணி இது என்பதை ஏற்று, அதில் ஏற்கெனவே ஈடுபட்டவராக இருக்க வேண்டும். தெற்காசிய மாணவர்களுக்கென்றே வேறு அமைப்புகளும் இருக்கின்றன. 1998-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பிறந்த கப்பா ஃபை காமா அவற்றில் ஒன்று. உங்களுக்கு வேண்டியது எது என்று முதலில் தெளிவாகுங்கள்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்பதில் ஒன்றில் உறுப்பினரானவர் வாழ்நாளில் மற்ற எட்டில் எதிலும் சேர முடியாது. இரண்டு இடத்தில் ஆர்வம் காட்டுகிறவரை இருவரும் விட்டுவிடுவார்கள். வளாகம் சிறியது, செய்தி அன்றே பரவும். தோழி சேருகிறாள், ஜாக்கெட் அழகு என்பதற்காக அல்லாமல், அமைப்பின் வரலாற்றையும் அந்தக் கிளை கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்த பணியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கூடவே, அந்தக் கிளை நல்ல நிலையில் இருக்கிறதா, இடைநீக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். இடைநீக்கத்தில் உள்ள கிளையின் பெயரைச் சொல்லி யாராவது உங்களைச் சேர்க்கிறேன் என்றால் அது மோசடி, அல்லது அதைவிட ஆபத்தானது.

அடுத்து, கண்ணில் படுவது. அவர்களின் பொது நிகழ்ச்சிகளுக்குப் போங்கள்: வாக்காளர் பதிவு முகாம், இரத்ததான முகாம், நிறுவனர் வார உரைகள். உதவி கேட்டால் நாற்காலி போடுங்கள். உங்கள் விருப்பத்தை ஊரறியச் சொல்லாதீர்கள். ‘நான் அடுத்த டெல்டா’ என்று சமூக வலைத்தளத்தில் எழுதுகிறவர்களின் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பெறாத ஒன்றைப் பெற்றதுபோல் பேசுவதாக அதை எடுத்துக்கொள்வார்கள். ஓர் உறுப்பினரிடம் தனியாக, பணிவாக, ஒருமுறை சொன்னால் போதும்.

சேவை நேரங்களுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு தாள் வையுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, மேற்பார்வையாளர் பெயர், அவர் கையெழுத்து. விண்ணப்ப வாரத்தில் உட்கார்ந்து ஓராண்டை நினைவிலிருந்து எழுதினால் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

கிளைகள் எல்லாப் பருவத்திலும் ஆள் எடுக்காது. ஒன்றிரண்டு ஆண்டுகள் எடுக்காமலே இருப்பதும் உண்டு. எடுக்கும்போது ஆர்வலர் கூட்டம் ஒன்றை அறிவிப்பார்கள். சில நாள்களுக்கு முன்புதான் சுவரொட்டி வரும். குறித்த நேரத்துக்குக் கதவை மூடுவது வழக்கம், ஆகவே அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். அலுவலக உடை அணியுங்கள். அந்த அமைப்பின் நிறமும் வேண்டாம், வேறு அமைப்பின் நிறமும் வேண்டாம். கறுப்பு, சாம்பல் பாதுகாப்பு. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா கூட்டத்துக்கு முத்து மாலை போட்டுக்கொண்டு போகாதீர்கள். இருபது முத்து அவர்களின் அடையாளம்.

விண்ணப்பத் தொகுப்பில் வழக்கமாக இருப்பவை: படிவம், முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் சான்று, பரிந்துரைக் கடிதங்கள், சேவைச் சான்று, சுயவிவரம், சில இடங்களில் கட்டுரை. பிழை திரும்பத் திரும்ப நேரும் இடங்கள் இரண்டு. மதிப்பெண் சான்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுவது, ஒட்டினால் செல்லாது. பரிந்துரைப்பவர் அந்த ஆண்டு சந்தா கட்டாத உறுப்பினராக இருப்பது. அவர் கடிதமும் பல இடங்களில் செல்லாது. ஆகவே கேட்கும்போதே ‘நீங்கள் ஃபைனான்ஷியலா?’ என்று கேளுங்கள். சந்தா நிலுவை இல்லாத உறுப்பினரை அப்படித்தான் சொல்வார்கள், கேட்பதில் தவறில்லை. பதிவாளர் அலுவலகத்தில் சான்று வாங்கக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

நேர்காணலில் நிறுவனர்களின் பெயர், நிறுவிய நாள், தேசியத் திட்டங்கள் எல்லாம் கேட்பார்கள். பொதுவில் உள்ள தகவல்களை மட்டும் சொல்லுங்கள். இணையத்தில் யாரோ கசியவிட்ட சடங்குக் குறிப்பைத் தெரிந்ததுபோல் காட்டினால் அந்த இடத்திலேயே தோல்வி. பிறகு கிளை உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். கிடைக்காமல் போகலாம். காரணம் சொல்ல மாட்டார்கள், கேட்டு நச்சரிக்காதீர்கள். அடுத்த முறை விண்ணப்பித்து, அல்லது பட்டம் வாங்கியபின் பட்டதாரிகள் கிளையில் சேர்ந்தவர்கள் ஏராளம்.

பணம்: சேர்க்கைக் கட்டணம் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு, அதற்குமேல் ஆண்டுச் சந்தா. அமைப்பின் அதிகாரபூர்வத் தளத்திலோ, அமைப்பின் பெயருக்கு எடுத்த வங்கிக் காசோலையிலோ மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது சேர்க்கை அல்ல.

ஹேஸிங் (சேர்க்கைக்காக நடக்கும் ராகிங்): தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியது

முன்பு சேருகிறவர்கள் வாரக்கணக்கில் ‘ப்ளெட்ஜ்’ என்ற நிலையில் இருப்பார்கள். ஒரே உடை, ஒரே நடை, மனப்பாடம், மூத்தவர்களுக்கு ஏவல், சில இடங்களில் அடியும். 1989-ல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் அப்படிச் சேர முயன்ற மாணவர் ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டே கூட்டமைப்பின் அமைப்புகள் அனைத்தும் ப்ளெட்ஜ் முறையைக் கைவிட்டு, குறுகிய காலப் பயிற்சியோடு நேரடியாக உறுப்பினராக்கும் ‘இன்டேக்’ முறைக்கு மாறின. இன்று அதிகாரபூர்வ வழி அது ஒன்றுதான்.

ஆனால் பழக்கம் சாகவில்லை, தலைமறைவானது. காரணத்தைப் புரிந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும். சில வாரங்களில் படிவம் நிரப்பிச் சேர்ந்தவரைச் சில உறுப்பினர்கள் ‘பேப்பர்’ என்று இளக்காரம் செய்வார்கள். தாங்கள் பட்டதைப் பட்டவர் மட்டுமே ‘மேட்’ (made), அதாவது உண்மையாக உருவானவர் என்பார்கள். ‘பேப்பர்’ என்ற சொல்லுக்குப் பயந்து நல்ல மாணவர்களும் இரவில் யாரோ வீட்டு நிலவறைக்குப் போகிறார்கள். சிலர் உறுப்பினரான பிறகும் அந்த ‘மரியாதை’க்காக அடி வாங்கப் போகிறார்கள். இது மரபு அல்ல. நிறுவனர்கள் எவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு அமைப்பைத் தொடங்கவில்லை.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள்: அறிவித்த கூட்டத்துக்கு முன்பே இரகசியச் சந்திப்பு, நள்ளிரவில் அழைப்பு, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வது, சாப்பாடு வாங்கித் தா, காரோட்டு, வீட்டுப்பாடம் எழுது என்ற ஏவல், தூங்க விடாமல் வைப்பது, மரத்துடுப்பால் அடிப்பது, வலிந்து சாப்பிட, குடிக்க வைப்பது. ‘எல்லாரும் இப்படித்தான்’ என்பது வழக்கமான வாசகம். போகாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வையுங்கள். மாணவர் நலத் தலைவரிடமும் அமைப்பின் தேசிய அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுங்கள். உடல் ஆபத்து என்றால் முதலில் 911. பெரும்பாலான மாநிலங்களில் ஹேஸிங் குற்றம்; நீங்களே சம்மதித்தீர்கள் என்பது பல மாநிலங்களில் அடித்தவரைக் காப்பாற்றாது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி கல்லூரிகள் ஹேஸிங் சம்பவங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். அந்த அறிக்கையில் நீங்கள் சேர நினைக்கும் கிளையின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர், பாதிக்கப்பட்டவராக இல்லாமல் உடந்தையாகச் சிக்கினால் படிப்பும் போகும், தங்கும் உரிமையும் ஆட்டம் காணும்.

அறிமுக நாள்

உறுப்பினரானபின் நடப்பது ‘ப்ரோபேட்’ என்று எல்லாரும் சொல்லும் பொது அறிமுகம். பெற்றோர், நண்பர்கள், மற்ற அமைப்பினர் எல்லாரும் வரலாம். புதியவர்கள் முகமூடியோடு, ஒரே உடையில், முன்னிருப்பவர் முதுகில் ஒட்டியபடி, ஒரு காலடிச் சத்தமாக நடந்து வருவார்கள். நிறுவனர்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள், மற்ற எட்டு அமைப்புகளையும் வணங்கி வாழ்த்துவார்கள், ஸ்டெப் ஆடுவார்கள். கடைசியில் ஒவ்வொருவராக முகமூடி கழற்றப்பட்டு, எண், லைன் நேம், சொந்த ஊர், படிக்கும் பாடம் சொல்லும்போது அரங்கம் அதிரும். யார் சேர்ந்தார்கள் என்பது அந்த நிமிடம்வரை இரகசியமாக இருந்திருக்கும், சில சமயம் அறைத்தோழருக்கே தெரிந்திருக்காது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். முன் வரிசை மூத்த உறுப்பினர்களுக்கு, அங்கே போய் நிற்காதீர்கள். முடிந்தபின் பூங்கொத்து கொடுக்கலாம். அமைப்பின் பூவாக இருந்தால் மகிழ்வார்கள். ஸீட்டாவுக்கு வெள்ளை ரோஜா, சிக்மா காமா ரோவுக்கு மஞ்சள் ரோஜா, கப்பாவுக்குச் சிவப்புக் கார்னேஷன்.

மீதமுள்ள தவறான எண்ணங்கள்

உடம்பில் சூடு போட்டுக்கொள்வது கட்டாயம் என்று நினைக்கிறார்கள். ஆண்கள் அமைப்புகளில், குறிப்பாக ஒமேகாவில், சிலர் எழுத்தைத் தோலில் சுட்டுக்கொள்வது உண்மை. அது அவரவர் விருப்பம். எந்த அமைப்பும் கேட்பதில்லை. அம்மா உறுப்பினர் என்றால் மகளுக்கு இடம் நிச்சயம் என்பதும் சரியல்ல. சில அமைப்புகள் வாரிசுகளுக்குச் சிறு சலுகை தரும், ஆனால் ஜி.பி.ஏ. விதி தளராது. சடங்கு இரகசியம் என்பதால் மதவிரோதம் என்ற பேச்சும் உண்டு. அதனால் விலகியவர்களும் இருக்கிறார்கள். அதே சமயம் இவர்களில் பாதிரியார்கள் நிறைய. மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாதான். வாஷிங்டனில் 2011-ல் திறக்கப்பட்ட அவரது நினைவகத்துக்கு முன்கை எடுத்ததும் அந்த அமைப்பே. நிறம் வெளுத்த பெண்களைத்தான் எடுப்பார்கள் என்ற பழைய குற்றச்சாட்டைக் கேள்விப்படுவீர்கள். தோல்நிற பேதம் அந்தக் காலத்துச் சமூகத்தில் இருந்தது, அமைப்புகளும் அதற்கு விலக்காக இல்லை. இன்றைய எந்த லைனையும் நேரில் பார்த்தாலே நிலை தெரியும்.

கல்லூரியோடு முடிந்துவிடும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986-ல் ஹோவர்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தார். 34 ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும் நாடெங்கும் சகோதரிகள் நன்கொடை அனுப்பினார்கள், பலர் சரியாக 19.08 டாலர். அது அமைப்பு பிறந்த ஆண்டு. ஆகவே யாரைப் பற்றியும் ‘கல்லூரியில் டெல்டாவாக இருந்தார்’ என்று சொல்லாதீர்கள். ‘டெல்டா’ என்று மட்டும் சொல்லுங்கள்.

சேர்ந்தவர் பட்டம் வாங்கி வேறு ஊருக்கு வேலைக்குப் போனதும் செய்ய வேண்டியது மூன்று. தேசிய அலுவலகத்தில் முகவரியை மாற்றுவது, அந்த நகரத்தின் பட்டதாரிகள் கிளைக் கூட்டம் ஒன்றுக்குப் போய் அறிமுகமாவது, சந்தாவைப் புதுப்பிப்பது. நடுவில் சில ஆண்டுகள் கட்டாமல் விட்டவரும் திரும்ப வரலாம். உறுப்பினர் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் நிலுவை எவ்வளவு, எந்தப் படிவம் என்று சொல்வார்கள். அந்த எண்ணைச் சேர்ந்த அன்றே பத்திரமான இடத்தில் எழுதி வையுங்கள்.